பூ முடிதான் வேண்டியிருந்தேன்

பிரசன்னா,

நீ தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போன ஸ்கிரிப்டை இரண்டு முறை படித்தாகிவிட்டது. முதல் முறை கதைக்காக, இரண்டாம் முறை அதில் வரும் அம்மாவுக்காக. வியாழக்கிழமை இதை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய் அந்தத் தயாரிப்பாளரைப் பார்க்கப் போகிறாய். அதற்குள் நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நேரில் சொல்லிவிடலாம் என்று நேற்று தோசை ஊற்றும்போது வாயைத் திறந்தேன். "சட்னி போதும்மா" என்றாய். அதோடு போயிற்று. எனக்குப் பேச வராது என்று நீயோ உன் அப்பாவோ ஒரு நாளும் குறை சொன்னதில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மூன்று வருஷமாக வாய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் எழுதி, ஸ்கிரிப்டுக்குள்ளேயே வைக்கிறேன். முழுக்கப் படித்து முடிக்கும் வரை என்னைக் கூப்பிடாதே.

முதலில் அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மகன் எடுக்கும் முதல் படம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, சமயபுரத்தில் மொட்டை போட்டுக்கொள்கிறாள். நம் வீட்டுக் கதைதான், ஊருக்கே தெரியும். ஆனால் நீ எழுதியிருப்பவளுக்குக் கோபம் வருவதில்லை, பசிப்பதில்லை, அக்கம்பக்கத்துப் பேச்சு காதில் விழுவதில்லை. அத்தனை பக்கத்தில் ஒரு தடவைகூட மகனைத் திட்டவில்லை. யாரடா இவள்? முப்பது வருஷமாக ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறவள் நான். அளவு தப்பினால் கையில் எடுத்தவுடனே தெரிந்துவிடும். இது என் அளவு இல்லை. அதில் உன் தப்பு ஒன்றுமில்லை. நீ அளவெடுக்க வந்தபோது நான் நேராக நிற்கவில்லை.

உனக்கு எல்லாம் நினைவிருக்கும், ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒரு தடவை கேள். உன் அப்பா ஆலையிலிருந்து ஓய்வு பெற்று, கைலாசபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பின்னால் இந்த வீட்டுக்கு வந்த வருஷம் அது. நீ இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருஷமாகியிருந்தது. ஒரு ஸ்டுடியோக்காரரிடம் சேர்ந்து கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாய். ஒரு நாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தவன், படம் எடுக்கப் போகிறேன் என்றாய். ஏதோ பத்து நிமிஷப் படம் என்று நினைத்து, நல்லது என்றேன். இரண்டு மணி நேரப் படம் என்றாய். "யாருடா நடிக்கிறாங்க?" என்று கேட்டேன். "நீதாம்மா" என்றாய். சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. உன் அப்பா எழுந்து வந்து தலையில் தட்டினார்.

காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் ஒருத்தி, எங்கே போகிறோம் என்று தெரியாமல் ஊரைச் சுற்றிவிட்டு, மாலையில் வீடு திரும்புகிறாள். அவள் போனதும் வந்ததும் யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான் கதை. ஒரே ஒரு நாளில் நடக்கிற கதை. அதை எடுக்க நமக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. கேமரா அந்த ஸ்டுடியோக்காரருடையது, முகூர்த்தம் இல்லாத நாளில்தான் கைக்குக் கிடைக்கும். ஊரே ஒதுக்கி வைக்கிற அஷ்டமியிலும் நவமியிலும்தான் நாம் வேலை பார்த்தோம். மற்றவர்களுக்குத் தை பிறந்தால் நல்ல காலம். நமக்கு ஆடியும் மார்கழியும்தான் நல்ல காலம், மாதம் முழுக்கக் கேமரா சும்மா இருக்கும். வாழ்நாளில் முதல் முறையாக நான் நாள்காட்டியில் அஷ்டமியைத் தேடிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

அந்த ஒரு நாளுக்காக மாம்பழக் கலரில் ஒரே மாதிரி மூன்று ஜாக்கெட் தைத்தேன். ஒன்று வேர்த்தால் இன்னொன்று. மூன்றும் ஒரே மாதிரி வெளுக்க வேண்டும் என்று மூன்றையும் சேர்த்தே துவைத்து, சேர்த்தே வெயிலில் போட்டேன். கொண்டையில் ஊசி எந்தப் பக்கம், வளையல் எத்தனை, பையின் காது எந்தத் தோளில் என்று எல்லாவற்றையும் நான்தான் ஞாபகம் வைத்திருந்தேன். ஒரு தடவை தமீமே அசந்துபோனான். பாலக்கரையில் செல்போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, உன் ஒருவனுக்காக லீவு போட்டு வந்து மைக் பிடித்த பிள்ளை அவன். "அம்மா, போன மாசம் இந்த இடத்துல உங்க வலது செருப்புல மண்ணு இருந்துச்சா?" என்று கேட்டான். இருந்தது என்று சொல்லி, மண்ணை எடுத்து நானே பூசிக்கொண்டேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உன் அப்பாவையும் விட்டுவைக்கவில்லையே நீ. மொபெட்டை அவர் ஓட்ட, நீ பின்னால் திரும்பி உட்கார்ந்து கேமராவைப் பிடித்துக்கொள்ள, நான் காவிரிப் பாலத்தில் உங்களுக்குப் பின்னால் நடந்து வர வேண்டும். பத்தரை மணிக்கு ஆலையில் டீ குடித்துப் பழகியவர், சரியாகப் பத்தரைக்குப் பாதி ஷாட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். நீ கத்தினாய். "டீ குடிச்சுட்டு எடுத்தா படம் ஓடாதா?" என்று அமைதியாகக் கேட்டார். ஆடிப் பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறையில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். நீ கேமராவைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றாய். பக்கத்தில் இருந்த அம்மா ஒருத்தர், "என்னக்கா, தனியா வந்திருக்கீங்க? யாரும் வரலையா?" என்று கேட்டார். நான் அந்தப் படத்துப் பொம்பளையாகவே, "வந்திருப்பாங்க, தேடிக்கிட்டு இருப்பாங்க" என்றேன். அவர் தன் தாம்பாளத்திலிருந்து எடுத்து என் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். பிறகு நீ அவரிடம் போய், இது படம் என்று சொல்லி, தயங்கித் தயங்கி அனுமதி கேட்டாய். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அன்று உன்னைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆனால் மற்ற நாட்களில் சந்தோஷமாக இல்லை. தைக்கத் துணி கொடுக்க வருகிற ஒவ்வொருத்தியும், "பையன் என்ன பண்றாரு?" என்று கேட்பாள். குவார்ட்டர்ஸில் உன்னோடு விளையாடிய பையன்கள் எல்லாரும் வெளிநாடு, பெங்களூர் என்று போய்விட்டார்கள். நான் இஞ்ச் டேப்பை உதறிக்கொண்டே பேச்சை மாற்றுவேன். உன் நல்லதுக்காகத்தான் கவலைப்பட்டேன் என்று சொல்லி நழுவ மாட்டேன். பாதி உனக்காக, பாதி என் வெட்கத்துக்காக. நச்சரித்து நச்சரித்துத்தான் உன்னை அந்தச் சென்னைக் கம்பெனி இன்டர்வியூவுக்கு அனுப்பினேன். நீ அங்கே போன அன்றைக்கு, இந்த வேலை கிடைத்துவிட்டால் பூ முடி கொடுக்கிறேன் என்று சமயபுரத்தாளிடம் வேண்டிக்கொண்டேன். பூ முடிதான். மூன்று கொத்து முடி. கொண்டை போட்டால் வெளியே தெரியக்கூடத் தெரியாது.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்கான ஆர்டர் வந்தது. மூன்று வாரத்தில் வந்து சேர வேண்டும் என்று இருந்தது. நீ அதைப் படித்துவிட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்தாய். "படம் முடியாம நான் எங்கயும் போறதா இல்லம்மா" என்றாய். பாதிப் படம்தான் எடுத்திருந்தோம். கதையில் மதியம் வரை வந்திருந்தாள் அவள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நீ ஒரு கல்யாண ஆல்பம் வேலையாக வெளியே போயிருந்தாய். உன் அப்பாவிடம் நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய் சமயபுரம் பஸ் ஏறினேன். சீட்டு வாங்கிக்கொண்டு முடி எடுக்கும் இடத்தில் உட்கார்ந்தேன். எடுக்கிறவர் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "பூ முடியாம்மா, மொட்டையா?" என்று கேட்டார். வேண்டிக்கொண்டது என்ன என்று எனக்குத் தெரியும். அம்மனுக்கும் தெரியும். "மொட்டை" என்றேன். அவர் ஒரு நிமிஷம் நிறுத்தி, "முழுசாவா எடுக்கணும்?" என்று மறுபடி கேட்டார். "முழுசா எடுத்துடுங்க" என்றேன்.

மூன்று ஜாக்கெட்டையும் ஒன்றாக வெளுக்க வைத்தவள் நான். செருப்பு மண்ணைக்கூட மறக்காதவள். தலையில் முடி இல்லாவிட்டால் உன் படம் என்னவாகும் என்று தெரியாமலா சொல்லியிருப்பேன்? படம் நின்றால் நீ வேலைக்குப் போவாய். சாமி பேரைச் சொன்னால் என்னை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. இதை யோசிக்க எனக்கு ரொம்ப நேரமும் ஆகவில்லை, அவர் தண்ணீர் தெளித்த நேரம்தான். உன் படத்தை நான் வேண்டுமென்றேதான் கெடுத்தேன், பிரசன்னா.

வீட்டுக்கு வந்தபோது நீயும் தமீமும் கூடத்தில் உட்கார்ந்து மறுநாள் அஷ்டமிக்கு மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தீர்கள். தலையிலிருந்து முந்தானையை எடுத்ததும் தமீம்தான் முதலில் எழுந்தான். நீ எழவில்லை. திட்டுவாய், சாமான்களைத் தூக்கி எறிவாய் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன், பதிலும் தயாராக இருந்தது. நீ என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் முகம் அப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை. உன் அப்பா உள்ளே இருந்து வந்து, "என்ன வேண்டுதல்? பூ முடி குடுத்திருந்தா ஆகாதா?" என்றார். உன் முகத்தைப் பார்த்து எனக்குப் பயம் வந்துவிட்டது. பயத்தில்தான் வாயில் வந்தது. "படம் நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கிட்டேன்" என்றேன்.

நீ வந்து என் மடியில் தலையை வைத்து அழுதாய். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நீ அழுது நான் பார்த்ததே இல்லை. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். உன் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஆர்டரை அதற்குப் பிறகு நீ தொடவே இல்லை. சேர வேண்டிய நாளும் போயிற்று. அன்று நீ தமீமிடம் மாடிப்படியில் சொன்னது என் காதில் விழுந்தது: "அம்மா முடியையே குடுத்துட்டாங்கடா. இனிமே நான் எப்படிப் போக முடியும்?" வேலைக்காக வேண்டிக்கொண்டவள் நான். என் வாயாலேயே அந்த வேலையை இல்லாமல் செய்தேன்.

ஒரு வாரத்தில் கதையை மாற்றி எழுதிக்கொண்டு வந்தாய். மதியம் அவள் சமயபுரம் பஸ் ஏறுகிறாள். அடுத்த காட்சியில் மொட்டைத் தலையோடு வெளியே வருகிறாள். ஏன் என்று படம் சொல்லாது. எழுதினதைப் பார்த்ததும் உன் அப்பாவே, "இது முன்னாடி இருந்ததுக்கு நல்லா இருக்குடா" என்றார். ஆனால் அதே மதியம் இன்னும் ஏழு மாதத்துக்கு நடக்க வேண்டுமே. முடி வளரக் கூடாது. ஒவ்வொரு தடவை கேமரா வருவதற்கு முன்னாலும் உன் அப்பா என்னை முற்றத்தில் உட்கார வைத்து, தன் ரேசரால் மழித்துவிடுவார். காதுக்குப் பின்னால் எப்போதும் கொஞ்சம் விட்டுவிடுவார், நான் கண்ணாடியைப் பிடித்துச் சண்டை போடுவேன். எதிர் வீட்டம்மா யாரிடமோ எனக்குப் பெரிய வியாதி என்று சொல்லி, ஒரு டஜன் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். ஒரு தடவை செய்ததற்கு ஏழு மாதம் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கு மட்டும் தெரியும்.

எல்லாரும் பேசுகிற அந்த பஸ் காட்சியையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, "என்ன வேண்டுதல்?" என்று கேட்பாள். நான் பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் நீ சொன்னது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நீ கேமராவை நிறுத்தாமல் அப்படியே பிடித்துக்கொண்டாய். பெரிய நடிப்பு என்று பத்திரிகையில் எழுதினார்கள். நடிப்பு ஒன்றும் இல்லை. கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்ல முடியவில்லை.

இங்கே கல்லூரி அரங்கத்தில் படத்தைப் போட்ட அன்றைக்கு நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். என்னை நான் அவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை. பாலத்தின் மேல் ஒருத்தி நடக்கிறாள், அவளுக்குப் பின்னால் ஆறு போகிறது. இதைக் கெடுக்கத்தானே பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டேன். உன்னைப் பெற்றதற்குப் பெருமையாக இருந்தது, உன் பக்கத்தில் வந்து நிற்க வெட்கமாக இருந்தது. படம் முடிந்ததும் ஒரு பெண் எழுந்து, அவள் ஏன் மொட்டை போடுகிறாள் என்று கேட்டாள். நீ மைக்கை வாங்கி, "அது எங்க அம்மா எனக்காகப் போட்டது" என்று ஆரம்பித்து முழுக்கச் சொன்னாய். எல்லாரும் எழுந்து நின்று எனக்குக் கை தட்டினார்கள். நான் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது?

இப்போது உன்னிடம் சின்னப் பிள்ளைகள் வந்து, காசு இல்லாமல் எப்படி அண்ணா படம் எடுத்தீங்க என்று கேட்கிறார்கள். நீ லென்ஸ், வெளிச்சம் என்று ஏதேதோ சொல்கிறாய். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். காசு கொடுக்கிற இடத்தில், ஒருத்தன் மனசில் என்ன நினைத்தாலும் கூலிக்கு வேலை நடந்துவிடும். தமீமுக்கு நீ என்ன கொடுத்தாய்? என் கையால் சோறு, அவ்வளவுதான். அந்த ஆடிப் பெருக்கு அம்மாவுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. அவர்கள் நீ சொன்னதை நம்பினார்கள், நீ அவர்களை நம்பினாய். அதை வைத்துத்தான் இரண்டு மணி நேரப் படம் நின்றது. அந்த மாதிரி வேலையில் கூட இருப்பவர்களிடம் பொய் சொல்லாதே. கூட இருப்பவர்களுக்குப் பொய் சொல்லவும் இடம் வைக்காதே; பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும்படி நடந்துகொள். எனக்குப் பயமாக இருக்கிறது, நீ வேலைக்குப் போ என்று உன்னிடம் ஒரு தடவை உட்கார்ந்து சொல்லியிருந்தால் நான் சமயபுரம் வரை போயிருக்க வேண்டியதில்லை. இன்னொன்று. எந்தத் துணியையும் உள்ளே ஒரு விரற்கடை விட்டுத்தான் தைப்பேன், பின்னால் பிரித்துக்கொள்ளலாம் என்று. உன் ஸ்கிரிப்டில் அப்படி எதுவும் விடவில்லை நீ. அந்த அம்மாவை இறுக்கிப் பிடித்துத் தைத்துவிட்டாய். அவள் மூச்சு விடவே முடியாது.

இந்த மூன்று வருஷம் நீ எப்படி இருந்தாய் என்று எனக்குத் தெரியும். கல்யாண வீடியோவும் எடிட்டிங்கும் பார்த்துக்கொண்டு, கிழிந்த செருப்பைத் தைத்துப் போட்டுக்கொண்டு, ஊர் ஊராகப் படத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தாய். ஒரு நாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. கஷ்டம் வரும்போதெல்லாம் அம்மா முடி கொடுத்தாள் என்று நினைத்துக்கொள்வேன் என்று ஒரு பேட்டியில் சொன்னாய். நீ எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாயோ, அது இல்லவே இல்லை. இப்போது அதையே இன்னொரு படமாக எடுக்கப் போகிறாய் என்னும்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், ஒரு தடவை கெடுத்தது போதாது என்று இதையும் கெடுத்தவள் ஆவேன்.

கோபம் வந்தால் வரட்டும். இரண்டு நாள் பேசாமல் இரு, ஒரு மாதம் பேசாமல் இரு. தமீமிடம் மட்டும் நீயே சொல்லிவிடு, அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன் அப்பாவிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எனக்கு அப்பவே சந்தேகம்தான்" என்றார். ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா நீ சொல்லிடுவியோன்னு பயம்" என்றார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அவரிடம் இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு கேள்விதான் எனக்கு இருக்கிறது. மூன்று வருஷமாக ஒவ்வொரு துணியை வெட்டும்போதும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். நான் அன்று உண்மையைச் சொல்லியிருந்தால், நீ அந்த வேலைக்குப் போயிருப்பாயா? போயிருக்க மாட்டேன் என்றால், நான் செய்தது வெறும் துரோகத்தோடு போகும். போயிருப்பேன் என்றால், ஒரு பொய்யைச் சொல்லி உன் வாழ்க்கையையே நான் திருப்பி வைத்திருக்கிறேன். இரண்டில் எது என்று உனக்கு மட்டும்தான் தெரியும், ஒருவேளை உனக்கும் இன்னும் தெரியாமல் இருக்கலாம். எனக்காக இரக்கப்பட்டுப் பதில் சொல்லாதே. உட்கார்ந்து யோசித்து, வருகிற பதிலை ஸ்கிரிப்டில் எழுது. பூ முடியா மொட்டையா என்று கேட்டதற்கு அவள் என்ன சொன்னாள், ஏன் சொன்னாள் என்பதையும் ஒன்று விடாமல் எழுது. அவளை நல்லவளாக்காதே.

அந்த வேஷத்துக்குச் சென்னையிலிருந்து யாரோ பெரிய நடிகையைக் கேட்கப் போவதாக முதல் பக்கத்தில் குறித்திருக்கிறாய். நீ எழுதியிருக்கும் அம்மாவுக்கு அவர் சரிதான். நான் இப்போது சொன்னவளை அவரிடம் கொடுக்காதே, பிரசன்னா. அவளை நான் நடிக்கிறேன்.

அம்மா